எஸ்கியூ006: கேப்டன்மேல் மட்டும் பழி போடுவது சரியா?

செந்தூல் மாறன்:
2000 அக்டோபர் 31 இரவு தைப்பே விமான நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ006 விமானத்துக்கு நடந்த விபத்தைப் பற்றி நேற்று ஒருவர் "கேப்டனைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அந்தக் கேப்டன் மலேசியர் என்பதால் நமக்குப் பாசம் வரலாம். ஆனால் விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். 05 இடது என்ற ஓடுபாதைக்குப் போக வேண்டிய அந்த போயிங் 747, அதற்கு இணையாக, கட்டுமான வேலைக்காக மூடியிருந்த 05 வலது ஓடுபாதையில் ஓடி அங்கிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதியது. மூடிய தகவல் விமானிகள் கையில் இருந்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவி, தவறான பாதையில் நின்றதால், உயிர்பெறவில்லை. பாதைதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜெலுத்தோங் கவிதா:
மாறன் அண்ணே, ஓடுபாதைக்கு விமானம் ஊர்ந்து போகும் வழியான அந்த டாக்ஸிவேயையும் பாருங்கள். புயல் மழை, நள்ளிரவு நெருங்கும் நேரம். பச்சை விளக்குகள் வளைந்து வலது பாதைக்குள்தான் வரிசையாகப் போயின. நேரே இடது பாதைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியவில்லை, இன்னொன்று மங்கல். மூடிய பாதையின் வாயிலில் தடுப்பே இல்லை. தரை ரேடாரும் கிடையாது. மழையில் விமானம் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாத கட்டுப்பாட்டுக் கோபுரம்தான் புறப்பட அனுமதி கொடுத்தது.

கிள்ளான் ரவி:
வழிதவறுவது அந்தக் கேப்டனுக்கு மட்டும் நடந்ததில்லை. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் குறுகலான டாக்ஸிவேக்குள் நேரே போய்விட்டது. இறக்கை ஒரு கட்டடத்தைக் கிழித்தது. அந்த விமானத்தில் விமானி இருக்கையிலிருந்து இறக்கை நுனி தெரியாது. பெரிய விமானங்களுக்கு இறக்கை நுனி கேமரா மாதிரி ஏதாவது வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2012லேயே பரிந்துரைத்திருந்தது.

செந்தூல் மாறன்:
விளக்கின்மேல் வழக்குப் போட முடியுமா கவிதா? கடைசி முடிவு கேப்டனுடையது. அதற்காகத்தான் அவருக்கு அந்தச் சம்பளம்.

ஜெலுத்தோங் கவிதா:
விளக்குக்குப் பொறுப்பானவர்கள்மேல் போடலாம் அண்ணே. 2001 அக்டோபரில் மிலான் லினாத்தேயில் பனிமூட்டத்தில் சிறு விமானம் ஒன்று வழிமாறி ஓடுபாதைக்குள் வந்து 118 பேர் இறந்தார்கள். தரை ரேடார் வேலை செய்யவில்லை, வழிகாட்டிப் பலகைகள் மோசம். கட்டுப்பாட்டாளரோடு அதிகாரிகளுக்கும் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது.

எனக்குத் தண்டனையைவிட இன்னொரு கவலை பெரிது. நான் விமானங்கள் நிறுத்தும் ரேம்ப் பகுதியில் வேலையில் இருந்தபோது, இழுவை வண்டி ஓட்டும் பையன் ஒருவன் தானாகவே மேற்பார்வையாளரிடம் போய், "இறக்கை நுனி கம்பத்தில் பட இருந்தது, மழையில் மஞ்சள் கோடு தெரியவில்லை" என்றான். அவனுக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். கோட்டுக்கு யாரும் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. அப்புறம் அந்த ஷிப்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கிள்ளான் ரவி:
அதனால்தான் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கிறது.

செந்தூல் மாறன்:
அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் கருவியைப் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜெலுத்தோங் கவிதா:
பார்வைத் தூரம் மிகக் குறையும்போது நடுக்கோட்டை விடாமல் ஓட உதவும் கருவி அது. சரியான ஓடுபாதைதானா என்று அதை வைத்து உறுதிப்படுத்தச் சொல்லும் நடைமுறை அப்போது இல்லை. சொல்லிக் கொடுக்காததை எப்படிக் கேட்பீர்கள்?

செந்தூல் மாறன்:
அப்படியானால் நடைமுறை எழுதியவர்களையும், தடுப்பு வைக்காதவர்களையும் பட்டியலில் சேருங்கள், சம்மதம். கேப்டன் பெயரை அதிலிருந்து எடுக்க மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.