நெஸ்டாவுக்குக் காயம் படாவிட்டால் மெட்டராஸி யார்?

வியாசர்பாடி பேக்:
"மெட்டராஸி என்றால் ஜிதானிடம் முட்டு வாங்கிய ஆள், வேறென்ன இருக்கிறது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் ஜிதான் இந்த இத்தாலி டிஃபெண்டரின் நெஞ்சில் தலையால் முட்டினார், சரி. ஆனால் அதே ஆட்டத்தில் பிர்லோவின் கார்னரை 19-வது நிமிடத்தில் தலையால் அடித்துச் சமன் செய்தது யார்? ஷூட்அவுட்டில் தன் உதையைத் தவறாமல் போட்டது யார்? 2000-01 சீசனில் இத்தாலிய கிளப் பெருஜியாவுக்கு 12 கோல், அதுவும் ஒரு டிஃபெண்டர். அப்புறம் இன்டர் மிலானில் பத்து வருடம், 2010-ல் சாம்பியன்ஸ் லீக். முட்டு மட்டும்தான் கண்ணில் படுகிறதா?

பெரம்பூர் பத்து:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதுங்கள் அண்ணே. அதே உலகக் கோப்பையின் செக் குடியரசு ஆட்டத்தில் இத்தாலியின் முதல் தேர்வு டிஃபெண்டர் நெஸ்டாவுக்குக் காயம் படாமல் இருந்திருந்தால் உங்கள் ஆள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அந்த 12 கோலில் பெனால்டியும் சேர்த்தி, அதையும் சொல்லுங்கள்.

வியாசர்பாடி பேக்:
நெஸ்டா 17-வது நிமிடத்தில் வெளியே போனார், மெட்டராஸி 26-வது நிமிடத்தில் கோல் அடித்தார். உடம்பு சூடாவதற்குள் வந்த கோல் அது. தம்பி, நான் முல்லை நகர் மைதானத்தில் ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) ஆடியவன். கார்னருக்கு முன்னால் போய் நின்றால் ஒருத்தன் பனியனைப் பிடிப்பான், இன்னொருத்தன் காலை மிதிப்பான், அவர்களையும் இழுத்துக்கொண்டுதான் எழும்ப வேண்டும். பெர்லின் இறுதியில் மெட்டராஸி பிரான்ஸின் வியேராவுக்கு மேலே எழும்பினார். வியேரா என்ன குட்டையா?

பெரம்பூர் பத்து:
அதே இறுதியில் பிரான்ஸின் மலூடாவை இடித்துப் பெனால்டி கொடுத்தவரும் அவர்தானே. ஆஸ்திரேலியாவோடு 50-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி அணியைப் பத்துப் பேராக்கினார். கடைசி நேரத்தில் டோட்டி பெனால்டி போட்டதால் தப்பித்தார்கள். நெஸ்டா இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

அடையாறு ஆனந்தி:
அந்த நெஸ்டாவே 2014-ல் மெட்டராஸி பயிற்சியாளராக இருந்த சென்னையின் எஃப்சி அணிக்கு வந்து ஆடினார், இருவருக்கும் அது நினைவில்லையா? ஆனால் 2015 இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை மெட்டராஸி கணக்கில் எழுதாதீர்கள். அது நம் ஸ்ட்ரைக்கர் மென்டோசாவின் கோப்பை. 13 கோல், கோவாவுக்கு எதிரான இறுதியில் கடைசி நிமிட வெற்றி கோலும் அவருடையது.

வியாசர்பாடி பேக்:
கோப்பையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, நீங்களாக இழுக்கிறீர்கள். இழுத்தபிறகு சொல்கிறேன், மென்டோசாவை யார் ஆட வைத்தது? நேரு ஸ்டேடியத்தில் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அந்த மனிதர் கத்தியதை நான் பார்த்தேன். தொண்டை கட்டிப்போய் கையால் சைகை காட்டினார். நம் டிஃபெண்டர் ஒருவன் பந்தை வெளியே தள்ளியதற்கு, கோல் அடித்த மாதிரி கை தட்டினார். அடையாறுக்காரர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

அடையாறு ஆனந்தி:
டிவியா? அந்த 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் கரண்டே இல்லை சார். அரையிறுதியைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். 3-0 என்று ஜெயித்ததை மறுநாள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பையன் கத்திச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டேடியத்துக்கும் வந்திருக்கிறேன். டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் படம் போடுகிறேன்.

வியாசர்பாடி பேக்:
வெள்ளம் அடையாறுக்கு மட்டும்தான் வந்ததா? எங்கள் பக்கம் வந்து பாருங்கள், ஒரு மழைக்கே சுரங்கப்பாதை மூழ்கிவிடும். அதெல்லாம் பேசினால் யாரும் கேட்பதில்லை.

பெரம்பூர் பத்து:
அண்ணே, வெள்ளம் இருக்கட்டும். நெஸ்டா கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வியாசர்பாடி பேக்:
பதில் மேலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தால் படி. 17-வது நிமிடம், 26-வது நிமிடம். போன வருடமும் நீ இப்படித்தான், உள்ளூர் லீக் ஆஃப்சைடு ஒன்றுக்கு மூன்று நாள் சண்டை போட்டாய், கடைசியில் தப்பு உன் மேல், ஒரு மன்னிப்பு கூட இல்லை. டிஃபெண்டர் என்றாலே உனக்கு இளக்காரம். பத்தாம் நம்பர் ஜெர்சி போட்ட ஃபார்வர்டுக்கெல்லாம் இதே வியாதி.

பெரம்பூர் பத்து:
அது ஆஃப்சைடுதான். இப்போதும் சொல்கிறேன், அது ஆஃப்சைடு. நெஸ்டா ஃபிட்டாக இருந்திருந்தால் மெட்டராஸி பெஞ்ச்.

வியாசர்பாடி பேக்:
ஞாயிறு காலை ஆறு மணிக்கு முல்லை நகர் வா. கார்னர் எடு, நான் நிற்கிறேன்.

அடையாறு ஆனந்தி:
டிக்கெட் படம் போட்டிருக்கிறேன். தேதியைப் பாருங்கள் சார்.