நெட்டிலிங்கக் கூடாரத்தை விட்டு வௌவால்கள் விலகுகின்றன: வழி சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள நெட்டிலிங்க மரத்தில், ஆண் வௌவால் ஒன்று கொப்புகளையும் இலைகளையும் கடித்துக் கடித்துக் கவிழ்த்த மணி போலக் குடைந்த கூடாரத்தில், குறுமூக்குப் பழ வௌவால்கள் ஏழு தங்கியிருந்தன. சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் அவை ஒவ்வொன்றாக நழுவி இறங்கிச் சிறகு விரிப்பதை இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் பார்த்து வந்தேன்.

ஐந்து வாரங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மதில்மேல் 30 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு பொருத்தப்பட்டது; அதன் ஒளி நேராகக் கூடாரத்தின் வாயில் விழுகிறது. இப்போது இரண்டு வௌவால்களே எஞ்சியுள்ளன, அவையும் ஒரு மணி நேரம் தாமதித்தே வெளியேறுகின்றன. விடியலில் கிணற்றடியில் நார்நாராகச் சிதறிக் கிடக்கும் கொய்யாச் சக்கையும் அநேகமாக இல்லை. இவ்வினம் கண்ணையும் மோப்பத்தையும் நம்பியே பறப்பதால், ஒளியே காரணம் என்று கருதுகிறேன்.

மதிலோரம் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன், ஒளி குறையவில்லை. விளக்கின் அடியில் தகரம் வைத்து மறைத்தோம். ஒளி சுவரில் பட்டுத் திரும்பி மரத்தையே அடைகிறது. திருட்டுப் பயத்தால் விளக்கை அணைக்க இயலாது என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள், அது நியாயமே. ஆனால் பல்பை மாற்றிக்கொள்ள மனமுவந்து சம்மதித்திருக்கிறார்கள். மரத்தை நான் தொடவில்லை, கிளை எதையும் வெட்டவில்லை.

பழ வௌவால்கள் தங்கும் மரத்தருகே எந்த நிறத்தில், எத்தனை வாட் விளக்கைப் பொருத்தியபோது அவை விலகாமல் இருந்தன என்பதை நேரில் கண்டவர்கள் கூறுவீர்களா?