ஸ்ரீரங்கம் தீவை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம், முள்ளியாற்றுப் பாசனம். அப்பாவுக்கு 71 வயது. ஐம்பது வருஷமாக வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்துக் கிடந்தவர், ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறார், அதற்கு மேலே ஒரு தடவைகூடப் போனதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "காவிரியும் கொள்ளிடமும் பிரியுற இடத்தை ஒரு தடவை பாத்துட்டா போதும்டா" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

அப்பா, அம்மா, நான், மனைவி, ஒன்பது வயது மகள். வாடகைக் காரில் விடியற்காலையில் கிளம்பி இரவு வீடு திரும்ப வேண்டும். அப்பா சொன்ன, ஆறு பிரிகிற முக்கொம்பு, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கல்லணை, அப்புறம் மகள் கேட்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அம்மா சமயபுரமும் மலைக்கோட்டையும் சேர்த்துக்கொள் என்கிறார். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மாம்பழச்சாலை:
சமயபுரம் கொள்ளிடத்துக்கு வடக்கே, மலைக்கோட்டை காவிரிக்குத் தெற்கே. இரண்டும் தீவுக்கு வெளியே, இரண்டையும் விட்டுவிடுங்கள். முட்டிவலிக்காரரை அத்தனை படி ஏறச் சொல்லவே கூடாது. ரயிலில் வரும் எண்ணம் வந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் விருத்தாசலம் பாதையில் இருக்கிறது, தஞ்சாவூர் வழியாக வரும் வண்டி அங்கே போகாது, திருச்சி ஜங்ஷனில் இறங்கித்தான் வர வேண்டும். காரே நல்லது.

முக்கொம்பையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். திருச்சியிலிருந்து மேற்கே 18 கி.மீ., போய்விட்டு அதே கரூர் சாலையில் திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தைக் கோயிலில் செலவிடலாம்.

சித்திரைவீதி:
அண்ணே, அவர் அப்பா கேட்டதே அந்த ஒரு இடத்தைத்தான், அதைப் போய் விடச் சொல்கிறீர்களே! தம்பி, முக்கொம்பையே முதலில் வையுங்கள். மூன்றரை, நான்கு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள், வெயில் ஏறும் முன் போய்விடலாம். அங்கே மேலணைப் பாலத்தில் நின்றால் அகலமாக வருகிற ஆறு இரண்டாகப் பிரிவது கண்ணெதிரே தெரியும். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, அதனால் தண்ணீர் எப்போதும் அந்தப் பக்கமே ஓடப் பார்க்கும். காவிரிக்கு வரத்து குறைந்துகொண்டே போனதால்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே அணை கட்ட ஆரம்பித்தார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின, இப்போது அங்கே புதுக் கதவணை நிற்கிறது. அப்பாவுக்கு இதெல்லாம் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, பார்த்ததும் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

கோயிலுக்கு ஒன்பதரை மணிக்கு வாருங்கள். 156 ஏக்கர், ஏழு பிராகாரம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். பெரிய பெருமாள், உடையவர் (ராமானுஜர்) சன்னதி, சேஷராயர் மண்டபம், அது போதும். அந்த மண்டபத்துக் குதிரைத் தூண்களில் குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பாருங்கள், வேட்டைக்காரன் ஈட்டியைப் பிடித்திருக்கிற விரல்கள்வரை சிற்பி செதுக்கியிருப்பான். மகளுக்கு அது பிடிக்கும். வயதானவர்களுக்கு பேட்டரி கார் உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். பதினோரு மணிக்கு மேல் கல் தரை கால் வைக்க முடியாது, அப்பாவுக்கு ஒரு ஜோடி கெட்டி சாக்ஸ் எடுத்து வாருங்கள்.

புரட்டாசிச் சனி, வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்கள் வேண்டவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை பூச்சிப் பூங்காவுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரியிடம் கூட்டம். புதன் அல்லது வியாழன் பாருங்கள்.

ஆனைக்கா_மீனா:
திருவானைக்காவலுக்குப் பதினொன்றேமுக்காலுக்குள் வந்துவிடுங்கள். உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி அம்பாளாகவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார், வேறெங்கேயும் நான் இதைப் பார்த்ததில்லை. ஒன்பது துவாரம் உள்ள கல் சாளரம் வழியாகத்தான் முதலில் சுவாமியைப் பார்க்க வேண்டும். அப்பு ஸ்தலம், அதாவது நீருக்கான தலம், ஆற்றில் தண்ணீர் ஓடுகிற காலத்தில் லிங்கத்தைச் சுற்றி ஈரம் ஊறி நிற்கும். பாசனக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சன்னதி கிடையாது என்று நான் நினைக்கிறேன். மகளிடம் பிராகாரத்து மதிலைக் காட்டுங்கள், சிவனே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுத்துக் கட்டிய மதில் என்பார்கள்.

வெளியே வந்தால் பார்த்தசாரதி விலாஸ், நெய் தோசை. அப்புறம் மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மதிய வெயிலுக்கு அங்கே மர நிழல் இருக்கிறது, அப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

காட்டுப்பள்ளி_செல்வம்:
எல்லாரும் வந்த வழியே திரும்புவது போலவே பேசுகிறீர்கள். தம்பி, நீங்கள் டெல்டாக்காரர், தண்ணீர் போகிற வழியிலேயே வீட்டுக்குப் போங்கள். மூன்றரைக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பினால் ஐந்துக்குள் கல்லணை. தீவு முடிகிற இடம் அது. திருவானைக்காவலிலிருந்து கல்லணைச் சாலையில் வழி நெடுக வாழை, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், மன்னார்குடி என்று இறங்கிவிடலாம்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மதகுக்குக் கீழே யாரையும் இறங்க விடாதீர்கள். என் சித்தப்பா மகன், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஓடிப்போன செருப்பை எடுக்கக் கால் வைத்தான். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் பாசியில் வழுக்கிச் சுழலுக்குள் போய்விட்டான். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் என் கை தானாகவே பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கால் நனைக்க ஆசையென்றால் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து நனையுங்கள்.

மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும்போது வாருங்கள். வறண்ட மணலைப் பார்க்கவா அத்தனை தூரம் வருவது?

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். குறுவை அறுப்பு முடிந்ததும் ஒரு புதன்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு சமயபுரம் தனியாக ஒரு நாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். செல்வம் அண்ணே, அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: கல்லணையில் வெண்ணாற்று மதகு எது?

காட்டுப்பள்ளி_செல்வம்:
காவிரி மதகைத் தாண்டித் தெற்கே வந்தால் அடுத்தது வெண்ணாறு, அதற்கும் தெற்கே கல்லணைக் கால்வாய். அப்பாவை நடுப்பாலத்தில் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். அவர் வயலுக்கு வருகிற தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது.