தசமபாகம் தவறினால் சாபமா? கிருபையினால் கொடுப்பது எப்படி?

பொருநை கேட்கிறார்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருமணமான நாள்முதல் நானும் என் கணவரும் எங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, மாதத்தின் முதல் ஞாயிறன்று சபைக்குச் செலுத்திவந்தோம். மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்தத் தொகையைக் கொடுக்க எங்களால் இயலவில்லை. இயன்றதை மட்டும் காணிக்கைப் பையில் போட்டுவருகிறோம். எங்கள் சபையில் தசமபாகக் கவரில் குடும்பத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு முடிவில் ஒவ்வொரு குடும்பமும் செலுத்திய தொகை ஆராதனையிலேயே வாசிக்கப்படும்.

அண்மையில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சபை மூப்பர் ஒருவர் தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சித்துச் சாபத்துக்குள்ளானார்கள் என்றும், அதைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்றும் கூறும் மல்கியா 3-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "கர்த்தருக்குக் கொடுக்காததை டாக்டருக்குக் கொடுத்தே ஆகவேண்டும்" என்று எங்களைப் பார்த்தே சொன்னார். அன்றுமுதல் என் கணவர் நிம்மதியாக உறங்குவதில்லை. நகையை அடகு வைத்தாவது தசமபாக நிலுவையைத் தீர்த்துவிட வேண்டும் என்கிறார்.

புதிய உடன்படிக்கையின் கீழ் வாழும் நமக்குத் தசமபாகம் சட்டமா? சட்டம் இல்லை என்றால், எவ்வளவு கொடுப்பது என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? "கிருபை" என்று சொல்லிக்கொண்டு கைகளை மூடிக்கொள்கிற நிலைக்கு நாம் வந்துவிட மாட்டோமா? வேதத்திலிருந்து விளக்கினால் நன்றியுடையவளாயிருப்பேன்.

பெரோயா:

அன்பான சகோதரி, முதலில் உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: தயவுசெய்து நகையை அடகு வைக்க வேண்டாம். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்கென்று கொடுத்துவிட்ட காணிக்கை, என்று சொல்லித் தவிர்த்தவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7-இல் வாசிக்கிறோம். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 கூறுகிறது. மாமியாரின் சிகிச்சைக்குச் செலவிடுகிற பணம் தேவனிடமிருந்து திருடிய பணம் அல்ல; தேவன் உங்களிடம் ஒப்படைத்த கடமைக்கே அது செல்கிறது.

மல்கியாவின் வார்த்தைகளைப் பொறுத்தவரை, அவை யாரைப் பார்த்து, எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டவை என்பதைக் கவனிக்காமல் ஒரு நோயாளியின் வீட்டில் நின்று வாசிப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. இஸ்ரவேலில் லேவி கோத்திரத்துக்கு நிலத்தில் சுதந்தரம் இல்லை. அதற்கு ஈடாகவே மற்றக் கோத்திரத்தாரின் தசமபாகம் அவர்களுக்கு வழங்கப்பட்டது, அவர்களும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒரு பங்கை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள் (எண்ணாகமம் 18). அது தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்தது. மல்கியா குறிப்பிடும் பண்டசாலை, தேவாலயத்தில் அந்த விளைச்சலைச் சேர்த்துவைத்த அறைகளாகும். ஏறத்தாழ அதே காலத்து நிலைமையை நெகேமியா 13 காட்டுகிறது: அந்த அறைகளில் ஒன்று தொபியா என்ற அம்மோனியனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, லேவியருக்குப் பங்கு கொடுக்கப்படாததால் அவர்களும் பாடகரும் ஊழியத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். ஒரு தேசமே தன் ஊழியரைப் பட்டினிபோட்டதைத்தான் தீர்க்கதரிசி கண்டித்தார்.

மேலும், தசமபாகத்தின் பயன்கள் யாவும் இன்று நம்மிடம் சொல்லப்படுவதில்லை. உபாகமம் 14-இன்படி ஒரு தசமபாகத்தை அந்தக் குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் புசித்து மகிழ வேண்டும். இடம் தூரமாயிருந்தால் அதை விற்றுப் பணமாக்கிக்கொண்டுபோய், அங்கே விரும்பியதை வாங்கி விருந்துண்ணலாம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகமோ லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. அந்தச் சட்டத்தை எழுத்தின்படி இன்று நிறைவேற்றுவதானால், சபையின் பண்டசாலையிலிருந்து உங்கள் மாமியாரின் மருந்துச் செலவுக்குப் பணம் வந்திருக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

இனி சாபம். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 தெளிவாகச் சொல்லியிருக்க, அவர் சிலுவையில் சுமந்து தீர்த்ததை ஒரு கவரின் பெயரால் மறுபடியும் ஒரு விசுவாசியின் தலைமேல் வைக்க எந்த மூப்பருக்கும் அதிகாரம் இல்லை.

கொடுத்தலைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசும் பகுதி 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களாகும். எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களில் தரித்திரராயிருந்தவர்களுக்காகப் புறஜாதி சபைகளிடமிருந்து பவுல் பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது, ஏறத்தாழ கி.பி. 55, 56. தேவை அவசரமானது. கொரிந்தியர் ஒரு வருஷத்துக்கு முன்னே தொடங்கிய வேலையை முடிக்காமல் விட்டிருந்தார்கள். எழுதியவரோ நியாயப்பிரமாணத்தைக் நியாயசாஸ்திரியான கமாலியேலின் பாதத்தருகே கற்ற பரிசேயர். தசமபாகத்தின் விதிகள் அவருக்கு மனப்பாடமாயிருந்திருக்கும். ஆயினும் அந்த இரண்டு அதிகாரங்களிலும் தசமபாகத்தைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. "இதை நான் கட்டளையாகச் சொல்லாமல்" என்று 8-ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் எழுதுகிறவர், அடுத்த வசனத்திலேயே தம் காரணத்தை முன்வைக்கிறார்: "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள் நிமித்தம் தரித்திரரானாரே." எவ்வளவு என்பதற்கும் அங்கேயே பதில் உண்டு. மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் (8:12). மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படியல்ல, சமநிலையிருக்கும்படியாகவே சொல்லுகிறேன் (8:13). இன்று உங்கள் வீடு வருத்தத்தில் இருக்கிறது. நீங்கள் பெற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள்.

கணக்கர்:

நான் ஒரு சிற்றூர்ச் சபையின் பொருளாளராகச் சேவை செய்கிறேன். சகோதரியிடம் அந்த மூப்பர் பேசிய விதத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் பெரோயா ஐயா அவர்களிடம் சில கேள்விகள் உண்டு.

தசமபாகம் சட்டத்தோடு தொடங்கவில்லை. அதற்கு முன்பே ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தான், யாக்கோபு பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாகப் பெத்தேலில் பொருத்தனை (நேர்ச்சை) செய்தான். கர்த்தராகிய இயேசுவே பரிசேயரிடம் தசமபாகத்தைப் பற்றி "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றார். அப்படியிருக்க, அதை முற்றிலும் பழைய ஏற்பாட்டுக்குள் அடைத்துவிடுவது சரியா? நடைமுறைக் கவலையும் இருக்கிறது. போதகரின் சம்பளம், மின்கட்டணம், கோயில் பராமரிப்பு, மிஷனரிகளுக்கு அனுப்பும் தொகை ஆகிய அனைத்தும் தசமபாகக் கவர்களிலிருந்தே வருகின்றன. "கட்டாயமில்லை" என்று மேடையில் அறிவித்தால், நல்ல சம்பளம் வாங்கும் குடும்பங்களே முதலில் நிறுத்திக்கொள்ளும். தவறாமல் கொடுக்கும் ஏழை விதவைகளே மிஞ்சுவார்கள். பத்தில் ஒரு பங்கு என்ற அளவு குறைந்தபட்சம் ஒரு பயிற்சியாகவாவது இருக்கட்டுமே என்பது என் எண்ணம்.

பெரோயா:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார் என 1 கொரிந்தியர் 9:14 சொல்வதால், போதகரின் குடும்பம் பட்டினி கிடக்கும்போது சபை கிருபையைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் ஆபிரகாம் கொடுத்தது போரில் மீட்டுவந்த கொள்ளைப்பொருளில் ஒரு முறை கொடுத்தது. எபிரெயர் 7:4-உம் அப்படியே சொல்கிறது. அவன் ஆண்டுதோறும் தன் மந்தையிலிருந்து கொடுத்துவந்ததாக வேதம் கூறவில்லை. யாக்கோபு கொடுப்பதாகச் சொன்னதும் அவன் தானே முன்வந்து செய்த பொருத்தனை. பரிசேயரிடம் இயேசு பேசியபோது தேவாலயமும் பலிபீடமும் லேவியரும் இருந்தார்கள். ஒற்தலாமையும் (புதினாவையும்) வெந்தயத்தையும் சீரகத்தையும் எண்ணிக் கொடுத்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டதே அவருடைய குற்றச்சாட்டு. உவமையிலும், தன் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்தியதை ஜெபத்தில் நினைவூட்டிய பரிசேயன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பவில்லை.

சட்டம் இல்லாவிட்டால் சபை நடக்காது என்ற அச்சத்துக்குத் திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளே பதில் சொல்கின்றன. ஏறத்தாழ கி.பி. 155-இல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின், வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் தாங்கள் தகுமென்று நினைப்பதைக் கொடுக்கிறார்கள் என்றும், அது அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் போகிறது என்றும் பதிவு செய்கிறார். கி.பி. 200-ஐ ஒட்டிக் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் தெர்த்துல்லியனும், யாரையும் கட்டாயப்படுத்தாமல் மாதம் ஒரு நாள் அவரவர் விரும்பியதைக் கொண்டுவருகிறார்கள் என்கிறார். அவர்கள் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினர். கட்டாயப்படுத்தும் அதிகாரமே அவர்களிடம் இருந்ததில்லை. அரசாணையின் பலத்தோடு தசமபாகம் வந்தது மிகவும் பிற்பட்டது. பிராங்கிய அரசர் சார்லமேன் 779-இல் அதைச் சட்டமாக்கினார். அந்த வழியே சென்ற இங்கிலாந்தில், 17-ஆம் நூற்றாண்டில் தசமபாகம் கட்ட மறுத்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் சிறைக்குப் போனார்கள். காணிக்கை வரியாக மாறியபின் மக்கள் அதை வரியாகவே வெறுத்தார்கள்.

பத்தில் ஒரு பங்கைத் தாமாக மனதில் நியமித்துக்கொண்டு கொடுக்கிற ஒருவரை நான் தடுக்கவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்ற வசனம் அதற்கும் இடங்கொடுக்கிறது. அந்த நியமனத்தை அடுத்தவருடைய மனச்சாட்சிக்குச் சட்டமாக்கும்போதுதான் நான் எதிர்க்கிறேன்.

எளியவன்:

சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கைகளை மூடிக்கொள்ள மாட்டோமா என்று கேட்டிருந்தார்கள்.

மூடிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் தசமபாகம் கொடுத்த நாட்களிலும் சாபத்துக்குப் பயந்தே கொடுத்தார்கள். பயம் நீங்கியதும் கொடுப்பதும் நின்றுவிடுகிறது. கிருபையைக் கண்டவர்களோ வேறுவிதமாக நடந்ததாக வேதம் காட்டுகிறது. வரி வசூலிக்கும் ஆயக்காரனாகிய சகேயுவிடம் இயேசு ஒரு காசும் கேட்கவில்லை. அவனுடைய வீட்டில் தங்கினார். அவன் தானே எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்தும், தங்களுக்கும் பங்களிக்க இடங்கொடுக்க வேண்டும் என்று பவுலை வேண்டிக்கொண்டார்கள். ஏனெனில் அவர்கள் முன்பு தங்களைத்தாமே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் முதிர்ந்த வயதில் ஒரு பிரசங்கத்தில், ஆக்ஸ்போர்டில் இருந்த முதல் மெதடிஸ்டுகளில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனபோதும் 28-இலேயே வாழ்ந்து 32 பவுண்டைக் கொடுத்தார். பின்னர் 90 வந்தபோது 62-ஐயும், 120 வந்தபோது 92-ஐயும் கொடுத்தார். இதில் நான் மிகவும் மதிப்பது முதல் ஆண்டைத்தான்: அன்று அவர் கொடுத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! சட்டத்தின் கணக்கில் அவர் திருடன். ஆனால் நான்காம் ஆண்டில் முக்கால் பங்குக்கு மேல் கொடுக்கப்போகிற அதே மனது அன்றும் அவருக்குள் இருந்தது.

ஆகவே இன்று உங்களால் இயலாததைக் கொண்டு உங்களை அளக்காதீர்கள். வசதி திரும்பும் நாளில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிட வேண்டும் என்ற எல்லையும் உங்களுக்கு இல்லை. நம் வட்டாரத்தில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுவந்த தாய்மார்கள் அதைச் சதவீதம் பார்த்து எடுக்கவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டு, இந்தியரின் காணிக்கையைக் கொண்டே இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியபோது, அதைத் தாங்கியது பெரும்பாலும் எளிய கிராமச் சபையாரின் கொடைதான்.

பொருநை:

பதிலளித்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி. இந்தப் பதில்களை அச்சிட்டு என் கணவரிடம் கொடுத்தேன். 2 கொரிந்தியர் 8-ஐ இருவரும் சேர்ந்து வாசித்தோம். நகை வீட்டிலேயே இருக்கிறது. சிகிச்சை தொடரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்தில் எங்களால் மனமகிழ்ச்சியோடு கொடுக்கக்கூடியதைக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் ஆண்டு இறுதியில் எங்கள் தொகை வாசிக்கப்படும்போது அவர் ஆராதனையில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதே இப்போது என் கவலை. இதைச் சபை நிர்வாகத்திடம் எப்படி எடுத்துச்சொல்வது?

கணக்கர்:

சகோதரி, இதில் நான் உதவ முடியும் என்று நினைக்கிறேன். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பல சபைகளில் இந்த வழக்கம் வந்தது. அந்த நோக்கம் நல்லது. தர்மப்பணத்தைக்குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்குப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:16-21). ஆனால் அங்கே கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் பணத்தைக் கையாண்டவர்கள், கொடுத்தவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டை உங்கள் போதகரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். ஜெபக்கூட்டத்தில் எழுப்ப வேண்டாம். கவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் இடலாம், ஒவ்வொரு குடும்பத்தின் ரசீதையும் தனியே கொடுக்கலாம், ஆராதனையில் மொத்த வரவையும் செலவையும் மட்டும் வாசித்து, தணிக்கை செய்யப்பட்ட கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அத்துடன், சபையாரின் மருத்துவ உதவிக்கென்று தனி நிதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அதைத் தொடங்கும்படி வேண்டுங்கள். எங்கள் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதே கோரிக்கையை நானும் வைக்கப்போகிறேன்.