அப்டேட்: ஓக் வைன் டேஸ்டிங், தப்பு என் மேலதான்

போன வாரம் ஓக் மரப் பீப்பாய்ல வெச்ச ஷார்டொனே ஒயிட் வைன் வாசனையே இல்லாம மரக்கட்டை மாதிரி கசக்குதுன்னு புலம்பியிருந்தேன்ல, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்தினதுதான் காரணம். நேத்து கொஞ்ச நேரம் வெளிய வெச்சு 12 டிகிரி வந்தப்புறம் குடிச்சேன், அப்பாடா, வெனிலா, கிராம்பு, டோஸ்ட்னு ஒவ்வொண்ணா எட்டிப் பாக்குது.

இன்னொண்ணு, அந்த வெண்ணெய் வாசனை ஓக்கால வருதுன்னு அடிச்சு விட்டிருந்தேன், அது தப்புங்க, மாலோலாக்டிக் ஃபெர்மென்டேஷன்ல (பாக்டீரியா வைனோட கூர்மையான புளிப்பை மென்மையா மாத்துறது) உண்டாகுற டைஅசிடைல்ங்கிற பொருள்தான் அது, பீப்பாயே இல்லாமலும் வரும்.

ரெட் வைன்ல ஸ்பெயினோட ரியோஹா ஒண்ணு, 17 டிகிரில. தேங்கா வாசனை தூக்கலா இருந்துச்சு, அமெரிக்கன் ஓக் பீப்பாய்னா அப்படித்தான். ஆனா பழ ருசி சீக்கிரமே காணாமப் போயி நாக்குல மரம்தான் மிச்சம், எனக்கு ஒயிட்டே போதும்.