துணியும் இலையும் சேர்த்துச் செய்யும் கலப்பு ஊடகப் படைப்புகள் வெளிறாமல் இருக்க என்ன வழி?

கேள்வி – குடியாத்தம் வாசகி:
நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்லள். லுங்கித் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். தறியில் கழியும் பாவு நூலையும் ஆரணிப் பட்டுத் துண்டுகளையும் ஜவ்வாது மலையடிவாரத்தில் பொறுக்கிய சருகுகளையும் ஒட்டுப்பலகைமேல் சேர்த்து, வண்ணம் தீட்டித் தைத்து வருகிறேன். மஞ்சள் கிழங்கில் தோய்த்த பருத்தித் துணி வெளிச்சம் பட்டு வெளிறிவிடுகிறது. மைதாப் பசை வைத்த இடத்தைப் பூச்சி அரிக்கிறது. இயற்கைப் பொருள்களை விடாமலேயே இவற்றைச் சரிசெய்ய முடியுமா?

பதில் – வாலாஜாப்பேட்டை, சாயத் தொழில்:
முடியும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலுக்கு நிற்காது, சாயத்தைத் துணியில் பிடித்துவைக்கும் படிகாரம் சேர்த்தாலும் அதிகம் தேறாது. ஆகவே மஞ்சளுக்கு மாதுளம்பழத் தோலையும், சிவப்புக்குச் சாயவேர்ச் செடியின் வேரையும், நீலத்துக்கு அவுரிச் செடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்பதால், சோடா உப்புப் போட்ட வெந்நீரில் முதலில் அதை அலசி எடுத்துவிட வேண்டும். சாயவேருக்குத் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தி, 100 கிராம் துணிக்கு 15 கிராம் என்ற அளவில் படிகாரம் கரைத்த நீரில் தோய்த்து, அதன் பிறகே வேரோடு காய்ச்ச வேண்டும். பருத்தியில் படிகாரம் பிடிக்கக் கடுக்காயின் துவர்ப்பு உதவும்; பட்டு அது இல்லாமல் படிகாரத்தை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடுவோர் முன்பு பயன்படுத்திய ஆவாரம் பட்டையிலும் கடுக்காயைப் போலவே துவர்ப்புச் சத்து உண்டு; அது தரும் செம்பழுப்பு உங்கள் சருகுகளோடு நன்றாக ஒத்துப்போகும் என்பது என் எண்ணம். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்துக் கிடைக்கும் கறுப்பை மட்டும் கோடுகளுக்குச் சிக்கனமாக வையுங்கள், ஏனெனில் இரும்பு நாளடைவில் துணியையே தின்றுவிடும்.

பதில் – வேலூர், புத்தகக் கட்டுநர்:
எங்கள் தொழிலில் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். முடிந்தவரை ஒட்டாமல் தையுங்கள், ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில் அமிலமற்ற பசையைப் பயன்படுத்துங்கள். ஒட்டுப்பலகையிலிருந்தும் அமிலம் கசியும் என்பதால் துணிக்கும் அதற்கும் இடையில் அமிலமற்ற அட்டை இருக்கட்டும். சட்டத்தின் கண்ணாடி படைப்பைத் தொடக் கூடாது. இலையைச் செய்தித்தாள்களுக்கு இடையில் பாரம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி, ஈரம் முழுவதும் போன பின்பே சேர்க்க வேண்டும். பச்சை நிறம் எப்படியும் போய்விடும், அதற்காக வருந்த வேண்டாம். அரச இலையைச் சதை அழுகும் வரை தண்ணீரில் போட்டு வைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்தால் நரம்பு வலை மட்டும் நிற்கும். பட்டின்மேல் அதை வைத்துத் தைக்கும்போது எது நூல், எது நரம்பு என்றே தெரியாது.

பதில் – காட்பாடி, ஓவிய ஆசிரியர்:
கல்லூரியில் படிக்கவில்லை என்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். சண்டிகரின் பாறைத் தோட்டத்தை உடைந்த வளையல்களையும் பீங்கானையும் கொண்டு உருவாக்கிய நேக் சந்த், சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். ஒவ்வொரு படைப்பின் பின்புறத்திலும் செடி, சாயம், பசை, ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பின்னாளில் பழுதுபார்க்க வேண்டி வந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

குடியாத்தம் வாசகி:
அனைவருக்கும் நன்றி. மாதுளம் தோலுக்கும் முதலில் கடுக்காய் ஊறல் வேண்டுமா?

வாலாஜாப்பேட்டை, சாயத் தொழில்:
வேண்டியதில்லை. அந்தத் தோலிலேயே துவர்ப்பு இருக்கிறது, படிகாரம் மட்டும் போதும்.