ஏ.எஃப்.பி. நார்மல், ஆனா ஸ்கேன்ல கட்டி

ஆரணியிலிருந்து:
எங்க பெரியப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி. குடி கிடையாது. ரத்ததான முகாம்ல ரத்தம் கொடுத்துட்டு வந்த சில நாள்ல போன் வந்தது: ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். வேலூர்ல காட்டினப்போ ஈரல் ஏற்கெனவே சுருங்க ஆரம்பிச்சிருந்தது. அன்னியிலிருந்து தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி.ங்கிற புரதம் எவ்வளவு இருக்குன்னு ரத்தப் பரிசோதனை (ஈரல் புற்று வந்தா அது ஏறலாம்).

மூணாவது வருஷம் ஏ.எஃப்.பி. 5-ன்னு வந்தது. காலையிலிருந்து வெறும் வயித்தோட உக்காந்திருந்த மனுஷன், "அதான் நார்மலாச்சே, ஸ்கேன் அடுத்த வாட்டி பாத்துக்கலாம்"னு எழுந்துட்டார். நானும் வண்டி சாவியை எடுத்துட்டேன் (இன்னிக்கும் பெரியம்மா சொல்லிக் காட்டுவாங்க). அவங்கதான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. ஸ்கேன்ல 1.8 செ.மீ. கட்டி. ஈரல் புற்றுன்னு சி.டி.யில உறுதியாச்சு. சின்னதா இருந்ததால ஊசி வழியா சூடு கொடுத்தே கருக்கிட்டாங்க. சின்னக் கட்டிகள்ல பலது அந்தப் புரதத்தை விடறதே இல்லையாம்.

குடியாத்தத்திலிருந்து:
எங்களுக்கு நேர்மாறு. அம்மாவுக்கும் ஹெபடைடிஸ் பி-தான், ஏ.எஃப்.பி. 70. லேப்ல சீட்டைக் கொடுத்தவர் "கேன்சர் மாதிரி தெரியுது"ன்னு ஒரு வார்த்தை விட்டார். ஒரு வாரம் வீட்ல அடுப்பு எரியலை. ஸ்கேன், சி.டி. ரெண்டும் சுத்தம். கடைசியில பாத்தா, அம்மா யாருக்கும் தெரியாம மாத்திரையை நிறுத்திட்டு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டிருந்திருக்காங்க. வைரஸ் கிளம்பி ஈரல் வீங்கினாலும் இது ஏறுமாம். மாத்திரை திரும்ப ஆரம்பிச்சு நாலு மாசத்துல 6-க்கு இறங்கிடுச்சு. இப்போ ஏதோ ஜீன் டெஸ்ட்னு சொல்றாங்களே, அது வந்தா இந்த வம்பு இருக்காதா?

சத்துவாச்சாரியிலிருந்து:
நான் லேப் வேலையில இருக்கேன். சாகிற செல் எல்லாமே தன்னோட டி.என்.ஏ. துணுக்கை ரத்தத்துல கொட்டும்; புற்றுநோய் செல்லும் அப்படித்தான். அந்தத் துணுக்குல மெத்தில்ங்கிற சின்ன வேதி முத்திரை விழுந்திருக்கிற விதம் நல்ல ஈரலுக்கு ஒரு மாதிரி, புற்றுக்கு வேற மாதிரி. அதைப் படிக்கிறதுதான் டெஸ்ட். கட்டி சின்னதா இருக்கும்போது கொட்டுறதும் கொஞ்சம்தான், எடுத்த ஒரு குழாய் ரத்தத்துல அது சிக்கினாத்தான் உண்டு. அதனால ஸ்கேனை விட்டுட்டு இதை மட்டும் நம்ப முடியாது. பிவ்கா-ன்னு இன்னொரு புரத டெஸ்ட்டும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது சும்மாவே ஏறும், முன்கூட்டியே சொல்லிடுங்க.

மல்லாட்டைன்னதும் ஞாபகம் வந்தது. ஈரத்தோட மூட்டை கட்டினா பூஞ்சணம் பிடிச்சு அஃப்ளடாக்சின்ங்கிற விஷம் சேரும். அது, செல் புற்றாகாம காக்கிற டி.பி.53-ங்கிற ஜீன்ல 249-வது இடத்தைப் பாத்து மாத்தும். மேற்கு ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்ல, ஈரல் புற்று வந்தவங்க ரத்தத்துலயே இந்த மாற்றத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஹெபடைடிஸ் பி-யும் இதுவும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு.

ஆரணியிலிருந்து:
பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நல்ல பருப்பு விக்கிறதுக்காம், சொத்தைதான் வீட்டுக்கு வருமாம். நாப்பது வருஷமா எங்க வீட்டுச் சட்னி அதுலதான்! பெரியம்மா ஒண்ணும் பேசலை, டப்பாவைத் தூக்கி அப்படியே குப்பையில கொட்டிட்டாங்க.

கூடப் பொறந்தவங்க எல்லாரும் ஹெபடைடிஸ் பி இருக்கான்னு பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு இல்லை, அத்தைக்கு இருக்கு. அவங்களுக்கு முதல் ஸ்கேன் செவ்வாய்க்கிழமை கொடுத்தாங்க. செவ்வாயில ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன்னு புதனுக்கு மாத்தி வெச்சிருக்காங்க. பெரியம்மாவைக் கூட அனுப்புறோம்.